‘வரி’ நீக்கப்பட்ட தீர்மானம்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம், உன் அப்பா என்னைவிடக் கொஞ்சம் குறைவாக நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் பெரிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நம் குடியிருப்போர் சங்கம் கூடி, ஒரு தீர்மானத்தில் இருந்த ‘வரி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘அன்பளிப்பு’ என்ற சொல்லை வைத்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுதான் நம் மூன்றாம் வீட்டு மைக் மாமா, ஒலிபெருக்கி இல்லாமல் பெண்டாட்டியிடம்கூடப் பேசாதவர்.

முழுக்கச் சொல்லாவிட்டால் போனில் குடைந்தெடுப்பாய். பக்கவாதம் வந்த பிறகு உன் அப்பா கைத்தடி இல்லாமல் நடக்கிற ஒரே இடம் சமூகக் கூடத்து வெந்நீர்க் குளம்தான். மார்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டால் மனிதர் பழைய மிடுக்கோடு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார். அந்தக் குளத்தின் கொதிகலன் படுத்துவிட்டது. வீட்டுக்கு வீடு ஆண்டுக்கொரு சிறு வரி கட்டச் சம்மதித்தால் அதை மாற்றி, வாசகசாலைக் கூரையையும் சரிசெய்கிறோம், இல்லையென்றால் குளத்தை மூடுகிறோம் என்று நகராட்சி எழுதியது. இதை எல்லோரும் ஆதரித்தார்கள். எதிர்த்திருந்தால் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் எழுந்து, வரின்னாலே வாய் கசக்குதுங்க, மனசாரக் குடுக்கிறவங்ககிட்ட இப்படியா கேக்கறது என்றார். கசப்பை விற்றே மாடி கட்டியவர். பல் டாக்டரம்மா ‘கட்டணம்’ என்று வைக்கலாம் என்றாள், அது கரண்ட் ஆபீஸ்காரன் கேக்கறதாச்சே என்று தள்ளிவிட்டார்கள். யாரோ ‘சந்தா’ என்றார்கள். சந்தான்னா பிடிக்காதப்போ நிறுத்திடலாமே என்று மைக் மாமா தவறிப்போய் ஒரு புத்திசாலித்தனமான வார்த்தை சொன்னார், உடனே அதை ஈடுகட்ட ‘அன்பளிப்பு’ என்று தானே முன்மொழிந்தார். யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். டீ வந்துட்டே இருக்கு அக்கா, கொஞ்சம் பொறுங்க என்றார். உன் அப்பாவும் தூக்கினார், அவர் கை காதுவரைதான் எழும்பும், சொறிகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

நகராட்சிக் குமாஸ்தா அதை வாங்கிப் படித்துவிட்டு, வரின்னா நாங்க வசூல் பண்ணலாம், அன்பளிப்ப எப்படிங்க கேட்டு வாங்கறது, அவங்களாப் பார்த்துக் குடுத்தாதான் உண்டு என்றாராம். கூடத்து வாசலில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். கொடுக்காதவர் யாரென்று தெரியாதபடி எவ்வளவு நாசூக்கான ஏற்பாடு பார். மாதம் முடிந்து திறந்தபோது உன் அப்பாவும் நானும் போட்டது இருந்தது, அதனோடு மருந்துக்கடையின் தள்ளுபடிச் சீட்டு ஒன்றும் இருந்தது. மைக் மாமா நேற்று வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு, ஆதரவு நூத்துக்கு நூறு அக்கா, வேற எந்தத் தெருவுல இப்படி ஒத்துமை உண்டு சொல்லுங்க என்று என்னையே கேட்டார். நான் காப்பியில் சர்க்கரை போடவில்லை, அதையும் பாராட்டிக் குடித்தார். நீ எழுதப்போற கடுதாசில நான் காதைத்தான் சொறிஞ்சேன்னு போட்டுடு, எதுக்கு வம்பு என்கிறார் உன் அப்பா. போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் கட்டடத்திலும் சங்கம் இருக்கிறது என்றாயே, கூட்டத்துக்குப் போ, ஆனால் யாராவது முழு மனதோடு ஆதரிக்கிறேன் என்று ஆரம்பித்தால் கைப்பையை மடியில் வைத்துக்கொள். குழந்தைக்கு இருமல் விட்டதா என்று எழுது. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உங்களோடு இருக்கிறது.

உன் அம்மா

பி.கு. அப்பாவுக்கு நீ வாங்கி வைத்திருக்கும் நீச்சல் தொப்பியை அனுப்ப வேண்டாம். கைத்தடியின் அடியில் மாட்டுகிற ரப்பர் தேய்ந்துவிட்டது, அதில் இரண்டு அனுப்பு.