இடப்பக்கம் மாற்றிய சுவிட்ச்

மார்ச் 4

என் வாயாடிக்கு,

நான் நலம். நீ அந்தக் குளிர்கிடங்கில் தும்மாமல் வேலை பார்க்கிறாய் என்று நம்புகிறேன். டிரில் மெஷின் வாங்கிவிட்டேன். மேஜைமேல் நிற்கிற சின்ன மெஷின், கடையில் இருந்ததிலேயே மலிவு. அதற்கேற்ற ஆட்டமும் உண்டு. துளை நான் குறித்த இடத்தில் விழாமல் அது நினைத்த இடத்தில் விழுகிறது. கனமான பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, பெல்ட்டையும் மாற்றிய பிறகு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இனி ஸ்டூல் கால்கள் மளமளவென்று முடியும்.

நீ அனுப்பிய கையுறை வந்தது. போட்டால் கட்டை பிடிபடவில்லை, பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் மேஸ்திரி

மார்ச் 21

மேஸ்திரியாருக்கு,

பெட்டியில் வைத்துப் பூஜை செய்யவா அனுப்பினேன்? இங்கே கையுறை இல்லாமல் கிடங்குக் கதவைக்கூடத் தொட விடமாட்டார்கள். உங்கள் கை முழுக்க மரச்சிராய். போன தடவை என் கன்னத்தைத் தொட்டபோதே குத்தியது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன் பாருங்கள்! மெஷின் பக்கம் போனால் கையுறையோடுதான் போக வேண்டும். 'ஒரு துளைதானே'ன்னு சாக்குச் சொல்லக் கூடாது. என் தலைமேல் சத்தியம்.

உங்கள் வாயாடி

ஜூன் 9

வாயாடிக்கு,

கடிதம் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத்தும் கோழிக் கிறுக்கலாக இருக்கும். மணிக்கட்டில் சுளுக்கு, வேறொன்றுமில்லை.

மெஷினைப் பார்த்தால் அசந்துபோவாய். கைப்பிடியை இழுத்து இறக்குவதற்குப் பதிலாகக் கீழே ஒரு கால்மிதி வைத்திருக்கிறேன். பழைய சைக்கிளின் பிரேக் கம்பிதான் இழுக்கிறது. மிதித்தால் டிரில் இறங்கும், விட்டால் ஸ்பிரிங் தூக்கிவிடும். கட்டையைப் பிடிக்க மேஜையிலேயே ஒரு கிளாம்ப், அதன் திருகு இடப்பக்கம். சுவிட்சையும் இடப்பக்கம் மாற்றிவிட்டேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனால் நடக்கிறது.

உன் மேஸ்திரி

ஜூன் 26

என்னங்க,

திரும்பத் திரும்பப் படித்தேன். இறக்குவதற்குக் கால். பிடிப்பதற்குக் கிளாம்ப். திருகவும் சுவிட்ச் போடவும் இடக்கை. அப்படியானால் வலக்கைக்கு என்ன வேலை? சுளுக்குக்காக யாராவது மெஷினையே மாற்றுவார்களா? என்னிடம் மழுப்பாதீர்கள். கைக்கு என்ன ஆச்சு?

ஜூலை 12

வாயாடிக்கு,

உன்னிடம் எதையாவது மறைக்க முடியுமா? ஏப்ரலில் மெஷின் வலக்கையைப் பிடித்துவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. எதிர்வீட்டுத் தையல்காரர்தான் ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். புண் ஆறிவிட்டது. அழாதே.

தப்பு முழுக்க என்மேல்தான். அன்றைக்கு ஏதோ அவசரம், கையுறை போடவில்லை. நீ தலைமேல் சத்தியம் வைத்தும் நான் கேட்கவில்லை. போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். வேண்டுமட்டும் திட்டிக்கொள்.

உன் மேஸ்திரி

ஆகஸ்ட் 2

என்னங்க,

அழுதேன். பிறகு திட்டவும் செய்தேன், சொன்ன பேச்சைக் கேட்காத மனுஷன் என்று. அப்படித் திட்டியதில் மனசுக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

நேற்று கிடங்குக் கதவில் துளை போட ஒரு மெக்கானிக் வந்தார். எங்கள் எல்லோர் கையிலும் கையுறை, அவர் மட்டும் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார். "என்னண்ணே, கையில பட்டுட்டா?" என்றேன். "ஏம்மா, சுத்துற மெஷின்கிட்ட துணி போகலாமா? வெறுங்கைன்னா காயத்தோட போயிடும். கையுறை மாட்டிக்கிச்சுன்னா கையையே சுருட்டி இழுத்துடும்" என்றவர், ஒரு கந்தல் துணியை டிரில் பக்கம் நீட்டிக் காட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் துணி முழுக்கச் சுற்றிக்கொண்டது. 'மெஷின் வலக்கையைப் பிடித்துவிட்டது' என்று நீங்கள் எழுதியது அப்போதுதான் உறைத்தது.

நீங்கள் என் பேச்சை மீறவில்லை. கேட்டீர்கள். கேட்டதால்தான் விரல்கள் போயின. எனக்கு அது தெரியக் கூடாது என்று இடக்கையால் ஒவ்வொரு எழுத்தாகக் கிறுக்கி, பழியை உங்கள்மேல் போட்டு எழுதியிருக்கிறீர்கள். படுபாவி மனுஷா, இத்தனை மாதமாக இதைத் தனியாகவா சுமந்தீர்கள்? நான் இங்கே சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறேனே!

இல்லை என்று இன்னொரு கடிதம் எழுத வேண்டாம், நம்பமாட்டேன். வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் வருகிறேன். நான் வந்து இறங்கும்போது அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

உங்கள் வாயாடி