அம்மா அழித்த படங்கள்

திருத்தணி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஹேமாவதிக்கு அம்மா எழுதுவது. வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. ஆனால் இதைப் படித்ததும் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மலைக்குப் போவதாக உன் நைனாவிடம் சொல்லிவிட்டு, ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். யாரும் சொல்லவில்லை, நீயேதான் சொன்னாய். காலேஜ் சேர்ந்தபோது நைனா வாங்கிக் கொடுத்த போனில், கடைக்காரன் அவருடைய மெயில் ஐடியையே போட்டுக் கொடுத்தான். நம் வீட்டுப் போன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஐடிதான். மாப்பிள்ளையோடு கிளம்பிப் போன அன்று சிம்மை மாற்றினாய், இதை மறந்துவிட்டாய். நீ ஆன்லைனில் தொட்டில் வாங்கிய பில் கதவு எண்ணோடு என் போனில் வந்து விழுந்தது. அதை அழித்துவிட்டேன்.

படங்களும் வருகின்றன. தறி ஓடாத ஒரு மத்தியானம் சேலை டிசைன் தேடும்போது உன் முகம் வந்து நின்றது. வயிறு நன்றாகத் தெரிகிறது. ஏழாம் மாதமா? மாப்பிள்ளை டில்லிபாபுவுக்கு அந்தக் கோடு போட்ட சட்டையை விட்டால் வேறு சட்டையே கிடையாதா? ஒன்று எடுத்துக் கொடடி. யாரோ ஒரு அம்மா உனக்கு வளையல் அடுக்குகிற படமும் வந்தது. அந்தம்மா நன்றாக இருக்கட்டும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வந்த படத்தையெல்லாம் அழித்துவிட்டேன். அதில் குப்பைத் தொட்டி என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்தும் எடுத்துவிட்டேன். தினமும் விடிந்ததும் இதுதான் வேலை. வீட்டில் மற்றவர்கள் எழுவதற்குள் பெற்ற மகளைத் துடைத்து வைக்கிறேன். ஒரு நாள் நான் அசந்து தூங்கிவிட்டால் என்ன ஆகும்?

சாதி விட்டுப் போய்விட்டாய் என்ற கோபம் உன் அண்ணன் தீனதயாளனுக்கு ஆறவே இல்லை. போன மாதம் பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் உன் மாமனாரை அடித்துக் கையை உடைத்துவிட்டான். அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். “அவ எங்க கீறான்னு மட்டும் தெரியட்டும், அப்புறம் பாத்துக்கிறேன்” என்று சாப்பிடும்போதுகூடச் சொல்கிறான். நைனா ஒரு வார்த்தை சொல்லித் தடுப்பதில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். இப்போது மெயிலில் இடம் நிறையப் போகிறதாம். புதன்கிழமை கரண்ட் கட், தறி ஓடாது. அன்று உட்கார்ந்து கணக்கு முழுவதையும் சுத்தம் செய்யப் போகிறானாம் உன் அண்ணன். உன் போன் இன்னும் அந்தக் கணக்கில் இருப்பது அப்போது அவன் கண்ணில் பட்டுவிடும்.

என் பழைய போன் என்று பொய் சொல்லி செல்போன் கடையில் விசாரித்தேன். நான் இங்கிருந்து உன் போனை நீக்கினால் நைனா போனுக்குத் தகவல் போய்விடுமாம். நீக்காவிட்டால், அந்தப் போன் எந்த ஊரில் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடலாமாம். அதனால் நீதான் செய்ய வேண்டும். செட்டிங்ஸுக்குப் போய் அந்தக் கணக்கை எடுத்துவிடு. துணிக் கடை, பஸ் டிக்கெட், கேஸ் என்று அந்த ஐடியை எங்கெங்கே கொடுத்தாயோ, எல்லாவற்றிலும் மாற்று. போனையும் மாற்று. பிறகு வீட்டையும் மாற்று. பிரசவம் முடியட்டும் என்று இருந்துவிடாதே.

பதில் போடாதே. போன் செய்யாதே. படம் வருவது நின்றால் கடிதம் கிடைத்தது என்று தெரிந்துகொள்வேன். இதை ஸ்பீடு போஸ்டில் போட்டுவிட்டு மலை ஏறப் போகிறேன். இனி உன் முகம் என் கண்ணில் படவே கூடாது என்று வேண்டிக்கொள்ளப் போகிறேன். எந்தத் தாயும் முருகனிடம் இப்படிக் கேட்டிருக்க மாட்டாள். பிறப்பது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரிய வேண்டாம்.

நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
மணியம்மை