உயிருள்ளோர் பக்கம்

யூலை 6, சனி

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. காலையில் கோயிலைக் கூட்டித் துடைத்தேன். மத்தியானம் எட்டிப் பார்த்தால் இருக்கை வாங்குகளில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. மறுபடி கூட்டவில்லை. இனி விடியத்தான்.

செய்தவை: பீடத் துணி தோய்த்தது (காற்றில் வேலிக்குப் போனது, மறுபடி தோய்த்தது). மெழுகுதிரித் தண்டில் வழிந்ததைச் சுரண்டியது. ஒலிவாங்கிக்குப் புது பற்றறி. பூவுக்குச் சுருவில் வரை போய் வந்தது. மறைக்கல்வி வகுப்பு, பிள்ளைகள் ஒன்பது, கவனித்தது இரண்டு.
செய்யாதவை: தலை முழுகவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் பூசவில்லை. மத்தியானம் சாப்பிட்டேனா, ஞாபகம் இல்லை.

சூசை அண்ணைக்குக் கஞ்சி பன்னிரண்டரைக்கு. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து இரண்டு வருடமும் நாலு மாதமும். மகள் கனடாவில். காலையில் உடம்பு துடைக்க, தேத்தண்ணி கொடுக்க, அவரின் பக்கத்து வீட்டுப் பூமணி. மத்தியானக் கஞ்சியும் ஞாயிறு நற்கருணையும் நான். யாரும் எனக்கு இந்த வேலையைத் தரவில்லை. ஒரு நாள் கொண்டு போனேன், அடுத்த நாள் போகாமல் விட முடியவில்லை, அவ்வளவுதான் கதை.

இன்றும் குறை. "உப்புக் காணாது. உம்மட வாசிப்பு மாதிரி, ஒரு ருசியுமில்லை." பூசைக்கு முன் யார் யாருக்காக அன்றைய பூசை என்று பெயர் வாசிக்கும் வேலையை முப்பது வருடம் பார்த்தவர். விழுந்தபின் பெயர் எழுதும் கொப்பி என் கைக்கு வந்தது. அதை இன்னும் மன்னிக்கவில்லை.

பின்னேரம் அந்தக் கொப்பிதான். இடப்பக்கம் உயிருள்ளோர்: சுகம், பரீட்சை, விசா. வலப்பக்கம் மரித்தோர். கோயில் பெட்டியில் விழுந்த துண்டுகள், கைபேசிக்கு வந்த செய்திகள், எல்லாம் பார்த்து எழுத வேண்டும். எழுத எழுதக் கண் மூடிக்கொண்டு போகிறது. முடித்தாயிற்று, அது போதும்.

யூலை 7, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆறரைப் பூசை. பாதர் ஊர்காவற்றுறையிலிருந்து மோட்டார் சைக்கிளில், தலையெல்லாம் மண். அவருக்கு நாலு கோயில், இது இன்றைக்கு முதலாவது. பெயர்களை வாசித்தேன். உயிருள்ளோர் முடிந்து மரித்தோர். நடுவில் ஒரு சலசலப்பு. காற்று என்று நினைத்தேன். பிரசங்கம் பிறர்சிநேகம் பற்றி. "தூர எங்கயும் பாக்கத் தேவையில்லை, எங்கட ஜெசிந்தா ரீச்சரைப் பாருங்கோ" என்றார் பாதர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சில பெண்களின் கண்ணில் தண்ணீர். பிரசங்கம் நன்றாக ஏறிவிட்டது என்று நினைத்து வெட்கப்பட்டுக் குனிந்தேன். முட்டாள்.

பூசை முடிந்து வாசலில் திரேசம்மா கையைப் பிடித்தா.

"எப்ப ரீச்சர் எடுக்கினம்?"
"எதை?"
"சூசை அண்ணையை. ராத்திரியே சீவன் போனது?"

கொப்பியை விரித்தேன். வலப்பக்கம், ஆறாவது வரி. என் கையெழுத்து. சூசைப்பிள்ளை, ஆன்ம இளைப்பாற்றிக்காக. மகளின் செய்தியைக் கைபேசியில் தேடினேன்: "அப்பாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுங்கோ ரீச்சர்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து அப்பாவுக்காக என்று வந்தால் அது செத்த அப்பாதான். இரண்டு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். கை தானாக வலப்பக்கம் போயிருக்கிறது. வாசிக்கும்போதும் உறைக்கவில்லை.

அதிலும் கொடுமை, போன வருடம் கோயில் ஒலிபெருக்கியை அவர் வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னதே நான். படுத்த படுக்கையில் பூசை கேட்கட்டும் என்று.

நற்கருணைச் சிமிழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன், இந்த முழங்காலோடு. எனக்கு முன்பே மூன்று பேர் அங்கே. ஒருத்தி வாசல் படலையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாளாம். உள்ளேயிருந்து அவர் போட்ட சத்தத்தில் செருப்பையும் விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். செருப்பு இன்னும் கிடக்கிறது. பூமணி கதவடியில் நின்றாள்.

"நான் முகம் துடைச்சுக்கொண்டு நிண்டனான் ரீச்சர். பேரைக் கேட்டவுடனை அப்பிடியே என்ர கையைப் பிடிச்சிட்டார். விடேல்லை."

உள்ளே போய் முழந்தாளிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"செத்தவனுக்கு நற்கருணை குடுக்கிறேல்லை. கொண்டு போம்."

சிமிழைத் திரும்பக் கொண்டு வந்து பேழையில் வைத்துப் பூட்டினேன். பாதர் அடுத்த கோயிலுக்குப் போய்விட்டார். மத்தியானம் கஞ்சி கொண்டு போனேன். "செத்தவனுக்கு என்ன கஞ்சி?" அதையும் திரும்பக் கொண்டு வந்து நாய்க்கு ஊற்றினேன். நாயும் பாதிதான் குடித்தது.

யூலை 8, திங்கள்

காற்று. மண்கும்பான் பக்கம் தண்ணீர் பவுசர் வண்டி வரவில்லை என்று சந்தியில் பேச்சு. என்னைக் கண்டதும் பேச்சு மாறியது.

கனடாவிலிருந்து சூசை அண்ணையின் மகள் கோல் எடுத்தாள். இங்கே யாரோ பூசையைக் கைபேசியில் நேரலையாகப் போட்டிருக்கிறார்கள். அங்கே அவளுக்குச் சனி இரவு, கலியாண வீட்டில் நின்றாளாம், துக்கம் விசாரித்து ஆட்கள் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் அழுதாள். பிறகு ஏசினாள். பிறகு "நீங்களும் இல்லாட்டி அவருக்கு ஆர் ரீச்சர்" என்று மறுபடி அழுதாள். ஏசினதோடு நிறுத்தியிருக்கலாம்.

கஞ்சி கொண்டு போனேன். வாயைத் திறக்கவில்லை. மருந்து சாப்பாட்டோடுதான் போட வேண்டும், சாப்பாடு இல்லாமல் போட்டால் வயிறு எரியும். மருந்தும் வேண்டாம் என்றார்.

யூலை 9, செவ்வாய்

கஞ்சிக்கு இன்று பயறும் தேங்காய்ப்பாலும் சேர்த்தேன். உப்பும் கூட. வேண்டாம். கரண்டியை இடக்கையால் தட்டிவிட்டார். என் சேலையெல்லாம் கஞ்சி. தோய்ப்பதற்கு இன்னொன்று.

திரேசம்மா வழியில்: "அவருக்கு ஆயுள் கெட்டி எண்டு சொல்லுங்கோ ரீச்சர். பேர் வாசிச்சும் போகாதவர்." ஆறுதலாகத்தான் சொன்னா. எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

யூலை 10, புதன்

பூமணி விடியவே படலையில்.

"மூண்டு நாளா வெறும் தேத்தண்ணியும் பிஸ்கற்றும். நான் சோறு குழைச்சுக் குடுத்துப் பாத்தன், அதுவும் தொடேல்லை. இண்டைக்கு எழுப்பி இருத்தேக்கை தலை சுத்துதெண்டவர். எனக்குப் பயமாக் கிடக்கு ரீச்சர். நீங்கள் எழுதினது பலிச்சிடுமோ?"

அவள் கெட்ட மனதோடு கேட்கவில்லை. அவள் சைவம், கேட்க வேண்டியதை நேரே கேட்பாள். எங்கள் ஆட்கள் அதையேதான் முதுகுக்குப் பின்னால் கேட்கிறார்கள்.

பி.ப. 4: பாதர் செபமாலைக்கு வந்தார். கோயில் பூட்டின் திறப்பை நீட்டினேன்.

"இனி ஏலாது பாதர்."
"நீங்கள் விட்டால் ஆர் ரீச்சர்?"
"எனக்குத் தெரியாது."

திறப்பை அவர் வாங்கவில்லை. முப்பத்திரண்டு வயது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவருக்கும் தான் விட்டால் யார் என்று சொல்ல ஆள் இருக்கும். "ஞாயிறு வரைக்கும் வைச்சிருங்கோ" என்றார். பிறகு சூசை அண்ணையைப் பார்க்கப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார். நற்கருணை அவரிடமும் வாங்கவில்லை.

"'எழுதின ஆள் வந்து சொல்லட்டும்' எண்டுறார்."
"மன்னிப்புக் கேட்டனான் பாதர். மூண்டு தரம்."
"மன்னிப்பு இல்லையாம். என்னண்டு எழுதினது எண்டு சொல்லட்டாம்."

யூலை 11, வியாழன்

கஞ்சி காய்ச்சவில்லை. வெறுங்கையோடு போனேன்.

கதிரையை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு இருந்தேன். இவ்வளவு நாளும் அந்தக் கதிரையில் இருந்ததில்லை, எப்போதும் நின்றபடிதான். அவர் முகம் வற்றிப் போயிருந்தது. ஆனால் கண் என்னை விடவில்லை.

"சொல்லும். கை பிசகினதோ, மனம் பிசகினதோ?"

கை என்று சொல்லத்தான் போனேன். மகளின் செய்தி, கண் மூடிக்கொண்டு போனது, எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். வாயில் வேறு வந்தது.

"கைதான் எழுதினது அண்ணை. ஆனா இந்த வேலை ஒருநாள் முடியாதோ எண்டு மனம் கனநாளா நினைச்சுக்கொண்டுதான் இருந்தது. கஞ்சியைத் தூக்கிக்கொண்டு இந்த ஒழுங்கையாலை வரேக்கை நினைக்கிறனான். எல்லா நாளும் இல்லை. சில நாள்."

சொல்லிவிட்டேன். இரண்டு வருடத்தில் முதல் முறை. பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கூட இதைச் சொன்னதில்லை, சொல்ல வெட்கம். அழுதேன் என்று நினைக்கிறேன்.

வெளியே யன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கேட்டது வேறு:

"எப்ப கடைசியா நீர் சாப்பிட்டனீர்?"
"காலமை."
"என்ன?"

ஞாபகம் வரவில்லை.

"போம். நாளைக்கு வராதையும். நாளையிண்டைக்கும் வராதையும்."

துரத்திவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். நியாயம்தான்.

யூலை 12, வெள்ளி

போகவில்லை. பன்னிரண்டரைக்குக் கால் தானாக எழுந்தது, திரும்ப இருந்தேன். சோறு காய்ச்சி, சூடை மீன் பொரித்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பிறகு மூன்று மணி வரை நித்திரை. எழும்பியதும் முதலில் சுகம், அடுத்து வெட்கம், அடுத்து பயம்.

படலையடியால் போன பூமணியைக் கேட்டேன். சோறு மூன்று வாய் சாப்பிட்டாராம். மருந்தும் போட்டாராம். அப்படியென்றால் என் கையால்தான் வேண்டாம். சாப்பிட்டாரே என்று நன்றி சொல்லிச் செபித்தேன். பாதிச் செபத்தில் மனம் நொந்தது.

தலை முழுகினேன்.

யூலை 13, சனி

கூட்டல், துடைத்தல், துணி, பூ. நாளை பூசைக்குப் பிறகு திறப்பைக் கொடுத்துவிடுவது. முடிவு செய்தாயிற்று.

பி.ப. 5: பெட்டியைத் திறந்தேன். துண்டுகள் ஆறு. திரேசம்மாவின் மருமகளுக்குப் பிரசவம். யாரோ ஒருவருக்குச் சாரதி அனுமதிப் பத்திரம். மரித்தோர் வருடாந்தம் இரண்டு. ஒரு நன்றி. கடைசியாகப் பென்சிலால் எழுதின ஒன்று, எழுத்து நண்டு நடந்த மாதிரி, மேலும் கீழுமாக. இடக்கையால் எழுதினது. மாத்திரைப் பெட்டியைக் கிழித்த மட்டை.

அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

உயிருள்ளோர் பக்கம் எழுதவும். ஜெசிந்தா ரீச்சர். உடல் சுகத்துக்காக. கேட்பவர் சூசைப்பிள்ளை, உயிரோடு.

"உயிரோடு" என்பதற்குக் கீழே இரண்டு கோடு. சிரித்தேன். கோயிலில் தனியே நின்று சத்தமாகச் சிரித்தேன். பிறகு முன் வாங்கில் இருந்து அழுதேன், யாரும் வராதது நல்லது. இரண்டு வருடமாக இந்தக் கொப்பியில் ஊர் முழுவதையும் எழுதியிருக்கிறேன். என் பெயரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கொண்டு வந்து போட்டது பூமணி. கேட்டால் சொல்கிறாள்: "அந்த ஒரு மட்டையை எழுத நேற்று முழுக்க எடுத்தவர். மூண்டு பெட்டி கிழிச்சது. உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டவர்."

இடப்பக்கம் எழுதினேன். இரண்டு தரம் பார்த்தேன், இடப்பக்கம்தானா என்று.

வேறு யாராவது வாசிக்கட்டும் என்று திரேசம்மாவைக் கேட்டேன். "ஐயோ, மைக்கைக் கண்டால் எனக்குக் கை கால் நடுங்கும்." வேறு இரண்டு பேரைக் கேட்டேன். ஏலாது, ஏலாது.

யூலை 14, ஞாயிறு

காற்று கொஞ்சம் குறைவு.

வாசித்தேன். கைபேசிக்கு வந்ததோடு சேர்த்து இடப்பக்கம் ஏழு பெயர். ஏழாவது என்னுடையது. அவசரமாகச் சொல்லி முடித்தேன். முன் வாங்கில் யாரோ மூக்கைச் சீறினார்கள். பாதர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்.

பூசை முடிந்து சிமிழோடு போனேன். திறப்பு இடுப்பில்தான். பாதரிடம் கொடுக்க மறந்துவிட்டது.

சூசை அண்ணை சவரம் செய்து, வெள்ளைச் சேட் போட்டு, தலையணையில் சாய்ந்து இருந்தார். பூமணியின் வேலை. யன்னல் அகலத் திறந்து கிடந்தது. நற்கருணையை வாங்கினார். நான் செபம் சொல்லி முடிக்கும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்.

"வாசிச்சது கேட்டது."
"ஓம் அண்ணை."
"சரியில்லை. செத்தவையின்ர பக்கம் என்ர பேரை என்னமாதிரி உரத்து வாசிச்சனீர். மடத்துவெளி வரைக்கும் கேட்டிருக்கும். உம்மட பேரை வாய்க்குள்ள விழுங்கிப்போட்டீர். அடுத்த ஞாயிறு திருப்பி வாசியும்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல.

"இனி எனக்குப் பசிக்குது. கஞ்சி எங்க?"

கஞ்சி கொண்டு போகவில்லை. வேண்டாம் என்பார் என்று காய்ச்சவே இல்லை. திரும்ப வீட்டுக்கு, அதே ஒழுங்கை, வெயில், முழங்கால் நோ. படலை வரைக்கும் அவர் சத்தம் வந்தது: "ரெண்டு பேருக்குக் காய்ச்சும்!"

அரிசி களைந்து வைத்தாயிற்று. உப்பை மறக்கக்கூடாது.