கல் முடிகிற இடம்

2025 ஜனவரி 18

காலையில் பின்பக்கம் போனேன். கக்கூஸைக் காணோம். நேற்று இருந்தது. கடல் கொண்டுபோய்விட்டது. கார்குழலி என்னைத்தான் திட்டினாள். பெண்டாட்டி வேறு யாரைத் திட்டுவாள்?

கரையில் கல் கொட்டச் சொல்லி மறியல் செய்வதென்று சாயங்காலம் எங்கள் பிள்ளைச்சாவடி ஊர்க்கூட்டத்தில் முடிவு.

ஜனவரி 21

மறியல். தங்கை அஞ்சலாட்சியும் வந்து ரோட்டில் உட்கார்ந்தாள். அவள் வீடு எங்களுக்கு வடக்கே, கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் அது தமிழ்நாடு, நாங்கள் புதுச்சேரி. அவள் வீட்டு முன்னால் மணல் தாராளம், மறியல் தேவையே இல்லை.

"நீ எந்த ஊரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க அண்ணன் ஊரு."

அவள் போட்ட கூச்சலில்தான் அதிகாரி இறங்கி வந்தார்.

மே 6

கல் வந்தது, லாரி லாரியாக. முதல் லாரிக்குச் சூடம் கொளுத்தினோம். எனக்கு மாலை வேறு. நேரு வீதி ஜவுளிக் கடையில் இத்தனை வருஷம் புடவை மடிக்கிறேன், ஒரு பூ கொடுத்தவர் இல்லை.

மே 25

எங்கள் எல்லையோடு கல்லை நிறுத்திவிட்டார்கள். லாரிக்காரரைக் கேட்டால், "அந்தாண்ட தமிழ்நாடு சார்."

ஆகஸ்ட் 17

எங்கள் பக்கம் அலை கல்லில் மோதித் திரும்புகிறது. அஞ்சலாட்சி வீட்டுத் தென்னை சாய்ந்துவிட்டது. "அது பழைய மரம்ண்ணா" என்கிறாள். காய்க்கவே இப்போதுதான் ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 20

கல் வேலை பார்த்த இன்ஜினியரைப் பிடித்துக் கேட்டேன். ஓரிடத்தில் கல் போட்டால் அதற்கு வடக்கே கடல் அரிக்குமாம்.

"முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும். நீங்கதானே கேட்டீங்க?"

அக்டோபர் 13

தங்கை புருஷன் ராஜவேலோடு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் போய், அவர்கள் பக்கமும் கல் கேட்டு மனு கொடுத்தேன். அங்கிருந்தவர் என் ஆதாரைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன பிரச்சனை? உங்க ஊர்லதான் கல்லு இருக்கே."

இருக்கிறது.

நவம்பர் 12

அஞ்சலாட்சி வீடு போய்விட்டது. சமையல்கட்டு முதலில், அப்புறம் கூடம். பீரோவை நானும் ராஜவேலும் வெளியே இழுத்தோம். அவள் ஓரமாக நின்று பார்த்தாள். அழவில்லை.

பாவி நான். நடுரோட்டுல உக்காந்து, கத்தி, மாலை வாங்கிக்கினு — என் தங்கச்சி வூட்டுக்குக் கடல நானே அனுப்பிவெச்சேனே. அவளையும் பக்கத்துல உக்கார வெச்சிக்கினு!

நவம்பர் 13

எங்களோடு இருக்கச் சொன்னேன். முதலியார்பேட்டையில் வாடகைக்குப் பார்த்துவிட்டார்களாம்.

"என் மேல கோவமா?"

"இல்லண்ணா. அலைச் சத்தம் வேணாம்."

நவம்பர் 30

அலைச் சத்தம்.

2026 பிப்ரவரி 5

தமிழ்நாட்டுப் பக்கமும் கல் கொட்டப் போகிறார்கள். அஞ்சலாட்சிக்குப் போன் செய்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தது என் மடத்தனம்.

"எதுவரைக்கும் கொட்றாங்க?"

"அடுத்த குப்பத்து எல்லை வரைக்கும்."

"அங்க மொத வூடு யார்து?"

"தெரியல."

"போய்ச் சொல்லிட்டு வா. நம்மகிட்ட யாரும் சொல்லல."

பிப்ரவரி 8

போனேன். ஓட்டு வீடு. முன்னால் மணல் நிறைய. மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண் — சந்திரகலாவாம் — என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"மறியல் பண்ணி கல்லு வாங்குன அண்ணன்தான? பக்கத்து ஊருக்கும் வருதாமே! பாவம், அவங்க பட்டது போதும்."

உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். "அந்த நல்ல சேதி சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்களா?"

"இல்லம்மா" என்றேன். "நீயும் உக்காரு."