ஒரு செடி நான்கானது

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். உன் வீட்டுக்காரரின் முட்டிவலி தேவலையா?

போனில் பேசினால் சண்டை வந்து பாதியில் வைத்துவிடுகிறோம், இனி எழுதியே பேசலாம் என்று நீதான் சொன்னாய். நல்ல யோசனைதான். எழுதும்போது உன்னால் குறுக்கே பேச முடியாது.

பாப்பா மூன்று நாள் லீவில் வந்துவிட்டு நேற்றுத்தான் கிளம்பினாள். பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் சித்தி புராணம். நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "சித்தி டீ இன்னும் கொஞ்சம் திக்கா இருக்கும்மா" என்கிறாள். இருபத்து நாலு வருஷம் என் டீயைக் குடித்து வளர்ந்த வாய் அது! பால்கனியில் என் ரோஜாத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "சித்தி வீட்டு ஜன்னல்ல வெயில் நல்லா விழும்மா, அங்க பூ நிறைய" என்றாள். எனக்கு வருவது காலை வெயில் மட்டும்தான். எதிர்க் கட்டடத்தை இடிக்கச் சொல்லட்டுமா?

உன் ஊர்ப் பல் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்து உன் வீட்டுக்கு வந்தபோது, யார் யாரோ கேட்டும் கொடுக்காத என் சிவப்புக் குட்டி ரோஜாவைத் தொட்டியோடு தூக்கிக் கொடுத்தேன். சட்டைப் பொத்தான் அளவு பூ, அப்படி ஒரு சிவப்பு. என் ஞாபகமாக அவளிடம் ஏதாவது இருக்கட்டும் என்றுதான். அது எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நகத்தைப் பார்க்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருப் பல் டாக்டரின் மனைவிக்கு நான்தான் துணி தைக்கிறேன். பாப்பாவை அவரிடமே வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவளிடம் சொன்னால் "யோசிக்கிறேன்மா" என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். வரச் சொல். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் எனக்குத் துணை தையல் மிஷின் சத்தம்தான்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அவருக்கு முட்டி பரவாயில்லை, வாய்தான் வலிக்கிறது, நாள் முழுக்க கடையில் பேசிப் பேசி. கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கண்ணைப் பற்றி மட்டுமா பேசுகிறார்கள்?

டீ விஷயத்துக்கு என்னை ஏன் திட்டுகிறாய்? நம் இருவருக்கும் டீ போடக் கற்றுக்கொடுத்தது ஒரே அம்மாதான். நான் தூள் கொஞ்சம் அதிகம் போடுகிறேன், அவ்வளவுதான்.

வேலை விஷயம் அவள் முடிவு. வா என்றும் போ என்றும் நான் சொல்லமாட்டேன். காலையில் அவள் குளித்துவிட்டுத் தலை துவட்டும் சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைய பொழுது விடிகிறது. இதில் என்னிடம் போய் "அனுப்பி வை" என்கிறாயே.

செடியைப் பற்றிக் கவலைப்பட்டாய் என்பதால் இதோடு படம் வைத்திருக்கிறேன். சமையலறை ஜன்னலில் நான்கு தொட்டி, எல்லாவற்றிலும் பூ. பார்த்துச் சந்தோஷப்படு.

உன் தங்கை


ஜனவரி 27

தங்கைக்கு,

பார்த்தேன். சந்தோஷப்படவில்லை. துணியில் ஊசி விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது, பூதக்கண்ணாடியை வேறு வைத்துப் பார்த்தேன்.

நான் கொடுத்தது ஒரு செடி. அது நான்கு எப்படி ஆயிற்று? கிளை நறுக்கி வைத்தோம் என்பாய். சரி, வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒன்று பெரிதாக, தண்டு முற்றி, நான் வெட்டிவிட்ட தழும்போடு நிற்க வேண்டும். படத்தில் நாலும் ஒரே உயரம், ஒரே வயசு. பிள்ளைகள் இருக்கிறார்கள், தாய் எங்கே?

பூவும் என்னுடையது இல்லை. இதழின் அடியில் மஞ்சள் தெரிகிறது. என் சிவப்பில் அடி நுனி என்ற பேதமே கிடையாது. இது நர்சரிச் சரக்கு. என் செடியைக் கொன்றுவிட்டு, கடையில் வாங்கி வைத்து, படம் பிடித்து எனக்கே அனுப்புகிறாய்! உனக்கு என் பொருள் எதைப் பார்த்தாலும் சிறு வயதிலிருந்தே ஆகாது. அதுதான் உண்மை.

பதில் எழுது. மழுப்பாதே.

அக்கா


பிப்ரவரி 3

அக்கா,

மழுப்பவில்லை. உன் செடி செப்டம்பரிலேயே போய்விட்டது. கொன்றது நான் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நீள ஷிப்ட். செடி தாகத்தில் வாடக் கூடாது என்று தொட்டிக்கு அடியில் இருந்த தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவாள், தினமும். இலை மஞ்சளாகக் கொட்டியது, இன்னும் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினாள். ஒரு நாள் பிடித்து இழுத்தாள், வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அப்படி அழுதாள். "அம்மா என்னை நம்பிக் குடுத்தாங்க சித்தி. அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். நான் என்ன செய்ய? மறுநாளே நர்சரிக்குப் போய், அந்தச் சிவப்புக்கு எது கிட்ட வருகிறதோ அதை வாங்கி வந்தேன். கடையில் தொட்டி நிறைந்து தெரிவதற்காக நான்கு சின்னச் செடியை நெருக்கி ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அப்படியே விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னார். தரையில் செய்தித்தாளை விரித்து, இருவருமாக வேரைப் பிரித்து நான்கு தொட்டியில் வைத்தோம். அவள் மூக்கில் மண். அன்று சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பு எனக்குச் சொந்தம். அதை உனக்குத் தரமாட்டேன்.

நீ இப்போதுதான் என்னைப் பார்த்து வயிறெரிகிறாய். நான் அவள் பிறந்த அன்றிலிருந்து உன்னைப் பார்த்து எரிகிறேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, பஸ் ஏறி வெறும் வீட்டுக்குத் திரும்புவது எப்படி இருக்கும் என்று உனக்கு எங்கே தெரியும்? "சித்தியிடம் கொடு" என்று நீ ஒரு தடவை சொன்னதில்லை. நானே கேட்டு வாங்கினால், "கழுத்தைப் பிடி, கழுத்தைப் பிடி" என்று என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாய்.

உன் தங்கை


பிப்ரவரி 9

தங்கைக்கு,

செடி போகட்டும். வேர் அழுகினால் யார் வைத்திருந்தாலும் போகத்தான் போகும்.

தெரிந்திருந்தால் நான் திட்டியிருப்பேன், ஆமாம். நன்றாகவே திட்டியிருப்பேன். அப்புறம் முகத்தைத் துடைத்துவிட்டு, சாப்பிடச் சொல்லியிருப்பேன். அதுவும் அவளுக்குத் தெரியுமே. தெரிந்தும் உன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள், என்னிடம் போனில் "நல்லா இருக்கும்மா" என்றாள். இந்த ஐந்து மாதத்தில் இன்னும் என்னென்னவற்றுக்கு "நல்லா இருக்கும்மா" சொல்லியிருக்கிறாள்? உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்று ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டித் தைத்துவிட்டேன்.

இந்த மாதம் முடிவதற்குள் அவளை அனுப்பி வை. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவள் வராவிட்டால் இனி எனக்கு எழுத வேண்டாம். எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. வேறு யாரிடம் சொல்வேன்?

உனக்குச் செடி விஷயம் தெரிந்துவிட்டது, உடனே வரச் சொல்கிறாய் என்று அவளிடம் சொன்னேன். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒரு செடி செத்ததைச் சொல்ல அம்மாகிட்ட எனக்குப் பயம். அதை மறைக்கிறதுல உங்களுக்குச் சந்தோஷம். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்கு மூச்சு முட்டுது சித்தி."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அக்கா. அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் மொட்டை மாடி அறை ஒன்றுக்குக் குடிபோய்விட்டாள். உன்னிடம் வரவில்லை, என்னிடமும் இல்லை. கோபம் என்று சொல்ல முடியாது, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போனாள். உனக்கு அவளே போன் செய்வாளாம். சாமான் இறக்க நானும் போனேன். வீட்டுக்காரம்மா தனி ஆள், கல்லூரியில் லைப்ரேரியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாடி முழுக்கக் குட்டி ரோஜா. முப்பது தொட்டிக்குக் குறையாது. பாப்பா போனவுடனே ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அந்தம்மா, "பூச்சி இருக்கான்னு இலைக்கு அடியில பாரு கண்ணு" என்றார். கண்ணு! வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

ஜன்னலில் நான்கு தொட்டியும் அப்படியே இருக்கின்றன. காலையில் சத்தமே இல்லை.

உன் தங்கை


மார்ச் 1

என் அன்புத் தங்கைக்கு,

அவள் போன் செய்தாள். அழுதேன், திட்டினேன், சாப்பிட்டாயா என்று கேட்டேன். அறையில் பல்லி இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றாள். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லவில்லை. அதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவள் உன்னிடமும் இல்லை என்று படித்தபோது முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடிதத்தை மடித்து வைத்தேன். அப்புறம் உன் வீட்டுச் சமையலறை கண்ணுக்கு முன்னால் வந்தது. அங்கே நீ ஒருத்தியாக நிற்கிறாய். அதற்கு மேல் எனக்குத் தையல் ஓடவில்லை.

வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். அவளைப் பார்க்க இல்லை, உன்னைப் பார்க்க. நீயே டீ போடு, திக்காக.

சாயங்காலம் காற்றாட இரண்டு பேரும் நடந்துவிட்டு வருவோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவழியாகப் போனால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? மேலே ஏற வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். தெருவில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

அந்தம்மா செடி இலையில் கரும்புள்ளி நோய் இருந்ததா? உன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. நான் பார்க்கிறேன். கண்ணுவாம், கண்ணு!

உன் அக்கா