கைக்கெட்டும் தூரத்து லென்ஸ்

மார்ச் 3

என் செல்ல மருமகளே,

யாருமே நம்பாத கதை ஒன்றை இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன் என்று என் மீசையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நீ போனை அணைத்துப் போட்டுவிட்டாய். நல்லதாகப் போயிற்று. இனி "மாமா, போதும்" என்று என்னை நடுவில் நிறுத்த முடியாதே!

பழைய சாமான் கடையில் ஒரு கேமரா வாங்கினேன். ஃபிலிம் கேமரா. வயிற்றருகே வைத்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து பார்க்கிற ஜாதி. அதைத் தூக்கிக்கொண்டு ஏறியதும் பஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கண்டக்டர் எனக்கு அரை டிக்கெட்டும் கேமராவுக்கு முழு டிக்கெட்டும் கிழித்தார். லென்ஸ் பூராவும் பூஞ்சை. பூஞ்சை என்றா சொன்னேன்? காடு! டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு யானைகள் குறுக்கே போகின்றன.

விடுவேனா? அந்த லென்ஸைக் கழற்றிவிட்டு, பழைய ஸ்லைடு புரொஜெக்டரின் லென்ஸைப் பொருத்திவிட்டேன். இரண்டையும் இணைக்க ஒரு வளையம் வேண்டுமல்லவா? சமையலறைத் தொட்டிக்குக் கீழேயிருந்த பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு அறுத்துக்கொண்டேன்.

"என்னங்க, சமையல்ரூம்ல ஆறு ஓடுது!" என்று உன் அத்தை அலறினாள்.

"ஆத்தங்கரையில வீடு வேணும்னு நீதானே கேட்டே?" என்றேன். அன்றைக்குச் சாப்பாடு போய்விட்டது.

உன் பெண் குட்டி இங்கே எங்களோடு நன்றாக இருக்கிறாள். உன்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய அன்று வாசலில் கிடந்ததே உன் செருப்பு, அது இப்போது வீடு பூராவும் தானாக நடக்கிறது. சரக், சரக். நேற்று என்னை வழிமறித்து மணி கேட்டது.

டாக்டர் சொல்வதைக் கேள். சாப்பிடு.

கேமரா சக்கரவர்த்தி,
உன் மாமா

*

மார்ச் 7

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர்தான் படித்துக் காட்டினார். சிரித்துக்கொண்டே படித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் ஆபரேஷன் சரியாக வரவில்லையாம். இன்னொரு தடவை கத்தி வைக்க வேண்டுமாம். கையெழுத்துக் கேட்கிறார்கள், நான் போடவில்லை. இன்னொரு முறை அந்த வலியை யாருக்காகத் தாங்குவது? குட்டிக்காக என்கிறார் அவர். போனில் என் முகம் வந்ததும் அவள் கட்டிலுக்கு அடியில் ஓடிப் போனாள், மாமா. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். அதனால்தான் போனை அணைத்தேன். அம்மாவை மறந்துவிட்டாள். குழந்தைதானே, மறக்கட்டும். ஒருவிதத்தில் அவளுக்கு அது நல்லதுதான்.

செருப்பு நடக்கிறதாம்! அதை எதற்கு இன்னும் வைத்திருக்கிறீர்கள்? தூக்கிப் போடச் சொல்லுங்கள் அத்தையை. எனக்கு இனி எதற்கு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள். கதை வேண்டாம். படம் மட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டரிடம் முடிவு சொல்ல வேண்டும்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 11

அம்மாடி,

செருப்பைத் தூக்கிப் போடுவதா? அது என்னை அல்லவா தூக்கிப் போட்டுவிடும்!

சரி, சரி. கதை இல்லை. படம் எடுக்க முயற்சி செய்தேன். போனை எடுத்தாலே குட்டி கட்டிலுக்கு அடியில். அதனால் என் இரும்புப் பெட்டிதான் கதி. அதை அவள் கேமரா என்றே நினைக்கவில்லை. நான் தலையைக் குனிந்து அதற்குள்ளே பார்ப்பதைப் பார்த்து, "தாத்தா, அதுக்குள்ள சாப்பாடா இருக்கு?" என்றாள்.

ஆனால் என் கைவேலையில் ஒரு கோளாறு. குழாய்த் துண்டைக் கொஞ்சம் நீளமாக அறுத்துவிட்டேன். லென்ஸ் ஒரு விரல் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அதனால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மட்டும்தான் துல்லியமாக விழுகிறது. அதற்கு அப்பால் உலகமே தண்ணீரில் கரைந்த சோப்பு. குட்டியோ யாரையும் கைக்கெட்டும் தூரத்துக்கு விடுவதில்லை. கிட்டே போனால் ஓடுகிறாள். எட்ட நின்று எடுத்தால் அவள் ஒரு வெள்ளைப் புகை. வளையத்தைக் குறைக்கலாம் என்றால், ஊரிலேயே கெட்டியான பசையை வாங்கி ஒட்டித் தொலைத்திருக்கிறேன். அறுத்தால் லென்ஸே உடையும்.

படம் வரும். என் தலையை அடகு வைத்தாவது வரும். அதுவரை எந்த டாக்டரிடமும் எந்த முடிவையும் சொல்லாதே. காலில் விழுகிறேன், மருமகளே. இது மிகைப்படுத்தல் இல்லை.

மாமா

*

மார்ச் 14, வெள்ளி

மாமா,

படம் வரவில்லை.

வேண்டாமென்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் யோசியுங்கள் என்றார். யோசிக்க ஒன்றுமில்லை. குட்டிக்கு ராத்திரி இருட்டு என்றால் பயம், பாத்ரூம் விளக்கை அணைக்க வேண்டாம். அத்தையிடம் சொல்லுங்கள்.

இனி எழுத வேண்டாம்.

*

மார்ச் 16, ஞாயிறு
உன் ஆஸ்பத்திரி, கீழ்த்தளம், வரவேற்பறை பெஞ்சு

அம்மாடி,

மேலே விட மாட்டோம் என்கிறார்கள். தொற்று ஒட்டிவிடுமாம். "நானே ஒரு தொற்றுதான்" என்றேன், நர்ஸ் சிரிக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உள்ளே இருக்கும் படம் இன்னும் முழுதாகக் காயவில்லை, ஓரத்தைப் பிடித்துப் பார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பாத்ரூமில் வைத்துக் கழுவினேன். "குளிக்கிற இடத்துல என்ன கஷாயம் காய்ச்சறீங்க?" என்று உன் அத்தை கதவை உடைத்தாள்.

ரோலில் மற்றதெல்லாம் புகை. இது ஒன்றுதான் விழுந்தது. நேற்று மதியம் களைத்துப்போய்க் கேமராவைத் தரையில் வைத்து, நானும் குப்புறப் படுத்து அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா எதைத் தின்கிறார் என்று பார்க்க அவளே நடந்து வந்தாள். சரக், சரக். ஒரு கை தூரத்தில் நின்றாள். அமுக்கினேன்.

முகம் கேட்டாய். மன்னித்துவிடு, முகம் மேலே எங்கோ சோப்பாகக் கரைந்துவிட்டது. கீழே பார். பிஞ்சுக் கால் இரண்டு. அந்தக் கால்களில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார். வார் அறுந்த இடத்தில் நீ போட்ட நீல நூல் தையல்கூடத் தெரிகிறது.

தூங்கும்போதும் கழற்றுவதில்லை. படம் எடுத்ததும் நான் எழுந்து உட்கார்ந்து கேட்டேன்.

"ஏன்டா கண்ணு, அம்மா போன்ல வந்தா ஓடிடறே?"

"போன்ல பேசிட்டா, அதுவே போதும்னு அம்மா அங்கேயே இருந்துடுவாங்க."

இன்று இங்கே கிளம்பும்போது அவளையும் கூப்பிட்டேன், வரவில்லை. "செருப்பையாவது குடு, அம்மாகிட்ட சேத்துடறேன்" என்றேன். இரண்டு கையாலும் செருப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"குடுத்துட்டா அப்புறம் அம்மா எதுக்கு வருவாங்க, தாத்தா?"

படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கையெழுத்துப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். வலி உன்னுடையது. சாயங்காலம் வரை இதே பெஞ்சில் இருப்பேன். ஏதாவது சொல்வதானால் நர்ஸிடம் சொல்லி அனுப்பு.

பஸ் சாய்ந்தது பொய். யானை பொய். கேமராவுக்கு முழு டிக்கெட் கிழித்ததும் பொய்தான். செருப்பு நடந்தது மட்டும் நிஜம்.

மாமா