விதை பிடித்த கஞ்சா

மருமகள் ஜெயந்துலிக்கு மாமியார் சருலி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் எருமையும் நலம். முன்பெல்லாம் உன் பெயருக்கு முன்னால் சௌபாக்கியவதி என்று போடுவேன். இன்று அங்கே பேனா நின்றுவிட்டது. கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு எருமைக் கதை பேசிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா சொல்லி அனுப்பினாள். தையல் கடை கேசர் சிங் உன்னைக் கேட்டிருக்கிறானாம். "அத்த வாயால சொல்லாம நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்று நீ பிடிவாதமாக இருக்கிறாயாம். கேட்ட அன்று எனக்கு அடுப்புப் பற்றவைக்க மனமில்லை. அதுதான் பதில் தாமதம்.

போன மழைக்கு மலை சரிந்து என் பிள்ளை குந்தனை ஜீப்போடு கொண்டுபோன பிறகு நிலத்தில் நான் எதுவும் விதைக்கவில்லை. மாட்டுக்கொட்டில் தொடங்கி எல்லா வயல்களிலும் கஞ்சா தானாக முளைத்து என் தலைக்கு மேல் நின்றது. கயிற்றுக்கு நார் ஆகுமே என்று ஆண் செடிகளை எல்லாம் பிடுங்கி ஓடையில் ஊறப்போட்டேன். அவை பூத்துத் தூள் உதிர்ந்த பிறகல்லவா பிடுங்க வேண்டும்! அந்தப் பூந்தூள் பட்டால்தானே பெண் செடியில் விதை பிடிக்கும். பக்குவம் பார்த்துச் சொல்கிறவன் குந்தன். எனக்கு இந்த வருஷம் எதிலும் கண் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாருலி புல்லுக்கட்டோடு வந்து பார்த்தாள். "ஏன்க்கா, மாப்பிள்ளைங்கள எல்லாம் தண்ணியில முக்கிட்டு, பொண்ணுங்கள மட்டும் மணையில உக்கார வெச்சிருக்கியே! சட்னிக்குக் கஞ்சா விதை வேணும்னா என் வாசலுக்குத்தான் வரணும்" என்று சிரித்தாள். யாரிடம் சொன்னோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இருவரும் அழுதோம்.

பெண் செடிகள் விறகுக்காவது ஆகட்டும் என்று விட்டுவைத்தேன். போன வாரம் ஒன்றை வெட்ட வளைத்தேன். உள்ளங்கையில் விதை கொட்டியது. பதர் இல்லை, பல்லில் வைத்தால் எண்ணெய் கசிகிறது. "எங்கருந்துக்கா வந்துச்சு?" என்று பாருலி வாயைப் பிளந்தாள். நான் மலைச்சரிவில் மேல் வயல்களைப் பார்த்தேன். மேல்வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஹல்த்வானி பட்டணத்துக்குப் போனார்களே, அவர்கள் நிலத்தில் யாரும் கை வைக்காத கஞ்சா காடாக நிற்கிறது. காற்று அங்கிருந்து தூளைக் கொண்டுவந்திருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை. கை நிறைய விதையோடு வெகுநேரம் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று வறுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, பச்சைமிளகாய் வைத்து அரைத்தேன். இத்தனை நாள் கழித்து நாக்குக்கு ருசி தெரிந்தது. குந்தன் இருந்திருந்தால் கிண்ணத்தை வழித்திருப்பான்.

பாருலியின் தம்பியிடம் ஒரு பை விதை கொடுத்தனுப்புகிறேன். சட்னி அரைத்து அந்தத் தையல்காரனுக்கும் கொடு. காரம் தாங்குகிறானா பார். தாங்காவிட்டாலும் பரவாயில்லை, பழகிக்கொள்வான். இருவரும் இந்த வீட்டு வழியாகப் போகும்போது சாப்பிடாமல் போகக் கூடாது.

சரி என்று சொல்லிவிடு, பெண்ணே. மேலே உன் பெயருக்கு முன்னால் விட்ட இடம் காலியாக இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அந்த வார்த்தையை நான் என் கையாலேயே எழுத வேண்டும்.

என்றும் உன் அத்தை,
சருலி